கல்யாணமானவர் பக்கம் போய் நின்றவன்

ஸ்டெல்லா,

நேற்று சாயங்காலம் போட்ட தாழ்ப்பாளை நீ இன்னும் எடுக்கவில்லை. கதவோரம் வைத்த காபி ஆடை கட்டிக் கிடக்கிறது. தட்டினால் திறக்கப்போவதில்லை. வெளியே நின்று நான் கத்தினால் தெருவுக்கே கேட்கும். கேட்டால் கேட்கட்டும் என்கிற ரகம்தான் நான், அது உனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்குக் கூடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அதனால் உன் தம்பியின் பழைய காலேஜ் நோட்டிலிருந்து தாள் கிழித்து, அடுப்படி மேடையில் வைத்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கதவுக்கடியில் தள்ளிவிடுவேன். முழுக்கப் படி. பிடிக்காததைப் பாதியில் கசக்கிப் போடுகிற குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது, இன்றைக்கு மட்டும் அதை அடக்கிக்கொள்.

நாளைக் காலைப் பூசையில் உன் கல்யாணத்துக்கு மூன்றாவது ஓலை. புதன்கிழமை கல்யாணம். ஏற்கெனவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பீடத்தில் நின்று வாசித்துவிட்டார். மரக்காணம் பங்கைச் சேர்ந்த இன்னார் மகள் ஸ்டெல்லாவும், செர்பியா நாட்டைச் சேர்ந்த இன்னார் மகன் மிலோஷும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், இவர்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்தார். அந்த இரண்டு தடவையும் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு தடையைக் காட்டிக்கொடு தாயே என்று மாதாவிடம் வேண்டினேன். பெற்ற மகளுக்கு இப்படி வேண்டியவள் இந்த ஜில்லாவில் வேறு ஒருத்தி இருக்க மாட்டாள். மாதா காட்டிக்கொடுத்துவிட்டாள். கேட்டது கிடைத்தபிறகு நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, அவனிடம்கூட மறைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித்தர வந்த வெளிநாட்டுக் கூட்டத்தோடு வந்து செங்கல் தூக்கினான். முட்டி வீங்கிப்போய் நீ வேலை பார்க்கிற பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவன் முட்டிக்கு நீ கரண்டு வைத்தாய், மடக்கு, நீட்டு என்றாய். ஒரு வருஷம் போவதற்குள் அவன் பாஷையையே படித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாய். உனக்கு இருபத்தேழு. அவனுக்கு நாற்பது ஆகப் போகிறது. நம் வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுகிறான். இரும்பை கிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் வாடகை வீடு, ஒரு பழைய மொபெட், ஒரு மூட்டை பனியன், அவ்வளவுதான் அவன் சொத்து. என்ன வேலை பார்த்தான் என்று கேட்டேன். ஃபுட்பால் ஆடினார் என்றாய். அது ஒரு வேலையா என்று கேட்டதற்கு நீ மூக்கைச் சிந்தி அழுதாய். எனக்குச் சந்தேகம், கேட்டேன். அழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பிறகு அருள்தான் எனக்குச் சொன்னான். அக்காவுக்கு வந்தவன் என்பதைவிட ஃபுட்பால்காரன் என்பதுதான் உன் தம்பிக்குப் பெரிசு. "பேக்மா. கோல் போட வர்றவன நிறுத்தறவன். கோல் போடறவன் பேரு பேப்பர்ல வரும், இவங்க பேரு வராது" என்றான். சின்ன ஊர் டீமில் பதினாறு வயதில் சேர்ந்து, பெரிய டீமுக்குப் போய், நன்றாக ஆடுகிற வயது வந்தபோது அவன் நாட்டில் சண்டை வந்து, உலகத்தில் ஒருவரும் அவர்களை ஆட்டத்துக்குச் சேர்க்காமல் விட்டுவிட்டார்களாம். அந்த வருஷங்கள் அப்படியே போயின. தடை நீங்கியபோது இவனுக்கு வயது ஏறிவிட்டது. அதற்கப்புறம் கிரீஸில் ஒரு டீம், சைப்ரஸில் ஒரு டீம், ஒவ்வொன்றும் முன்னதைவிட மட்டமான டீம். கடைசியில் கோவாவுக்கு வந்தான், அங்கே முட்டி போனது, டீம்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலோடு கைகழுவினார்கள். அவன் பிறந்த நாட்டின் பெயர்கூட இப்போது இல்லையாம், பாதி பாதியாகப் பிரிந்து இந்த வருஷம்தான் கடைசித் துண்டும் கழன்றது. இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று நீ எதிர்பார்த்தாய். எனக்கு வந்த ஒரே நினைப்பு, போன இடமெல்லாம் விளங்காமல் போன ஒருவன் இப்போது என் வீட்டுக்குள் வருகிறானே என்பதுதான்.

போன மாதம் உலகக் கோப்பை நடந்தபோது நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அவன் நாட்டுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஆட்டம். அருளின் கூட்டாளிகள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள், அவனையும் கூப்பிட்டு நடுநாற்காலியில் உட்காரவைத்தது நான். ஆறு கோல் வாங்கினார்கள். ஒவ்வொரு கோலுக்கும் நான் கைதட்டினேன். ஆட்டம் முடிந்ததும் அவன் முகத்தைப் பார்த்து, "ஏம்பா, உங்க ஊர்ல நிறுத்தறவங்களே கெடையாதா?" என்று கேட்டு, இதை அவனுக்குச் சொல்லுடி என்றேன். நீ ஏதோ சொன்னாய். அவன் தலையசைத்து, "வேண்டாம் அம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றான். டீ வேண்டுமா என்று நான் கேட்டதாகச் சொல்லியிருக்கிறாய். பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ மொழிபெயர்ப்பது எந்த லட்சணத்தில் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டின்போது, ஆட்டத்தில் அவன் செய்ததிலேயே மோசமான காரியம் என்ன என்று கேட்டேன். நல்லதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள், ஒரு ஆளை எடைபோட அதைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அவன் வெகுநேரம் பேசினான். நீ, "ஒரு மேட்ச்ல ஒரு பையனுக்கு அடிபட்டுருச்சாம்மா, அது இவருக்குக் கஷ்டமா இருந்துச்சாம்" என்றாய். அவன் உன்னை ஒரு பார்வை பார்த்தான். எழுந்து அடுப்படிக்குப் போய், நான் நறுக்குவதற்கு வைத்திருந்த முருங்கைக்காயில் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் நீட்டிப் பிடித்து டக்கென்று ஒடித்தான். ஒடித்துவிட்டுக் காலைத் தட்டி, பிறகு தன்னைத் தொட்டுக் காட்டினான். பிறகு அவனுடைய அரைகுறைத் தமிழில், "கோச் சொன்னாரு. நான் செஞ்சேன். பையன் பொறவு ஆடல" என்றான். கஷ்டமாக இருந்தது என்று அவன் சொல்லவே இல்லை, அது நீ சேர்த்துப் போட்டது. நான் எழுந்து கைகழுவிவிட்டேன். இவன் என் மகளையும் இப்படித்தான் ஒடிப்பான் என்று உன் காதுபடவே சொன்னேன்.

கோயிலில் விசாரணை நடந்தது அதற்கு அடுத்த வாரம். அவர்கள் வேறு மாதிரிக் கிறிஸ்தவர்கள் என்பதால் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது வந்துவிட்டது. அவன் ஏற்கெனவே கல்யாணம் ஆகாதவன் என்பதற்கு அவன் ஊர்க் கோயிலில் இருந்து சான்று வேண்டும் என்றார் ஃபாதர். சண்டையில் அந்தக் கோயில் எரிந்துபோயிற்று என்று நீ சொன்னாய். அப்படியானால் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யட்டும், அவர் தாய்மொழியிலேயே சொல்லட்டும், நீ எடுத்துச் சொல்லம்மா என்றார். உனக்கு இதற்குமுன் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். அவன் பைபிள்மேல் கையை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி நிறையச் சொன்னான். ஃபாதர் உன்னைப் பார்த்தார். "இல்லைங்கிறாரு ஃபாதர்" என்றாய். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதான் அர்த்தமா என்று அவரும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் பாஷை நீளமாக இருக்கும்போல என்று விட்டுவிட்டேன். தடை எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவள், அது என் மூக்குக்குக் கீழே வந்து நின்றபோது ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன். திருவிழாவுக்கு வருஷா வருஷம் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் நடக்கிற ஆட்டத்தில் அவனையும் இறக்க வேண்டும் என்று கமிட்டி மிக்கேலிடம் சொல்லிவைத்தது நான்தான். அது ஊருக்கே தெரியும். உப்பளத்தை ஒட்டின பொட்டலில், ஊர்சனம் முன்னால், அவன் கிழவன் என்பதை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அருளிடம், "பந்தை வாங்கினதும் நேரா அவன் இடதுமுட்டிப் பக்கமா போ, அந்தப் பக்கம் அவனால திரும்ப முடியாது" என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். அவன் ஆகாதவர் கட்சியில் அருளோடு சேர்ந்து ஆடுவானே, இது எப்படி நடக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. புதன்கிழமை மாப்பிள்ளை ஆகப்போகிறவனை ஆகாதவர் பக்கம்தான் நிறுத்துவார்கள் என்கிற சின்ன விஷயம் ஆத்திரத்தில் மூளைக்கு எட்டவில்லை.

மிக்கேல் மைக்கைப் பிடித்து, கல்யாணமானவர்கள் கோயில் பக்கம் நிற்கவும், ஆகாதவர்கள் உப்பளத்துப் பக்கம் நிற்கவும் என்று கத்தினான். எல்லாரும் பிரிந்தார்கள். அவன் நடுவில் நின்று முழித்தான். அருள் ஓடிப்போய் மோதிர விரலைத் தொட்டுக் காட்டி, மோதிரம் இருந்தால் அந்தப் பக்கம், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் என்று ஜாடை செய்தான். அவன் தலையாட்டிவிட்டு, ஒரு நொடி யோசிக்காமல், நேராகக் கோயில் பக்கம் நடந்துபோய்க் கல்யாணமானவர்களோடு நின்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மாப்ளைக்கு அவசரம்பா, பொதங்கெழம வரைக்கும் பொறுக்கல" என்று மிக்கேல் மைக்கிலேயே சொன்னான். நீ பெண்கள் கூட்டத்திலிருந்து கயிற்றைத் தாண்டி ஓடினாய். அவன் பாஷையில் என்னமோ சொல்லி இந்தப் பக்கம் வா வா என்று கையைக் கையை ஆட்டினாய். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னான், நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எல்லாரும் அதையும் விளையாட்டு என்று நினைத்தார்கள். நீ திரும்பி வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் பெற்ற முகம் அது, அதில் எது பயம் எது வெட்கம் என்று எனக்குத் தெரியும். குடைக்குக் கீழே உட்கார்ந்தபடியே எனக்குப் பைபிள்மேல் கை வைத்து அவன் பேசிய அந்த நீளப் பேச்சு ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் நடந்த ஆட்டத்தை நான் பாதிதான் பார்த்தேன். அவன் அந்தப் பக்கம் போய்விட்டதால் என் திட்டம் தானாகவே பலித்தது. அருள் சொன்னபடி செய்தான். முதல்முறை இடதுபக்கமாகப் போனான், அந்த ஆள் திரும்புவதற்குள் முட்டி மடங்கிக் குப்புற விழுந்தான். பொட்டல் வெடித்தமாதிரிச் சிரிப்பு. இரண்டாவது முறையும் அப்படியே. சின்னப் பசங்கள் ஓரத்தில் அவனைமாதிரியே நொண்டி நொண்டி நடந்துகாட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை எழுத எனக்கு வெட்கமில்லை. மூன்றாவது முறை அருள் வந்தபோது அவன் திரும்பவே முயற்சி செய்யவில்லை. நின்றவாக்கில் வலதுகாலை நீட்டிப் பந்தையும் உன் தம்பியின் காலையும் சேர்த்து அள்ளினான். அருள் எகிறிப்போய்ப் பல்லும் உதடும் மண்ணில் தேயவிழுந்தான். கணுக்கால் சுருண்டுகொண்டது. ரெஃப்ரி விசில் ஊதுவதற்கு முன்பே அந்த ஆள் கையைத் தூக்கிவிட்டான், நான்தான் செய்தேன் என்று. தப்பிக்கப் பார்க்கவில்லை, வாதாடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

பெற்ற பிள்ளை மண்ணில் கிடக்கிறான், நான் அவனிடம் போகாமல் அந்த ஆளிடம் போனேன். ஐஸ்பெட்டி வண்டிக்காரன் மீனுக்குப் போடுகிற ஐஸில் ஒரு கட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுத்திருந்தான், அதை முட்டியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். கன்னியாஸ்திரீகளிடம் பத்தாவது வரைக்கும் படித்த இங்கிலீஷை எல்லாம் தோண்டி எடுத்து, நீ ஏன் அந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்டேன். "கல்யாணம் ஆச்சு, அம்மா" என்றான். யாரோடு என்றேன். ஊரில் ஒரு பெண், பல வருஷம், அவள் வேண்டாம் என்று போய்விட்டாள், கோர்ட்டில் முடிந்தது என்று கையாலும் வாயாலுமாகச் சொன்னான். "ஸ்டெல்லாக்குத் தெரியும். ஃபாதருக்குத் தெரியும். நான் பைபிள்ல சொன்னேன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குழம்பிப்போய், "அம்மாக்குத் தெரியாது?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம். "அவன் சொல்லிட்டான்டி." நீ என்ன ஏது என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டாய்.

உனக்கு ஒன்பது வயதில் ஒரு கோடை மழை. உப்புக் குவியலைக் கீற்றால் மூடிவிட்டு வா என்று உன்னை அனுப்பினேன். நீ பாதியில் தோழிகளோடு நண்டு பிடிக்கப் போய்விட்டாய். குவியல் கரைந்து தண்ணீராக ஓடியது. யார் மூடாமல் விட்டது என்றபோது அருளைக் காட்டினாய். அவனுக்கு மூன்று வயது, பேச்சே சரியாக வராது. நான் அவனை விளாசினேன். நீ கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாய். அழுதாய்கூட, ஆனால் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து அளத்துக்காரன் மறுநாளே என்னிடம் உண்மையைச் சொன்னான். உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நாள் வைத்திருக்கிறாய் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் நீ சொல்லவில்லை. நேற்று ராத்திரி அருளின் கணுக்காலுக்கு மஞ்சள் பற்றுப்போடும்போது, இவன் உன் பொய்களுக்கு அடிவாங்கவே பிறந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை அனுப்பிவைத்தது நான் என்பது வேறு விஷயம்.

உங்கள் அப்பாவும் அப்படித்தான் போனார். நெஞ்சுவலி நாலைந்து மாதமாக இருந்திருக்கிறது. சிகரெட்டை விடு விடு என்று நான் கத்திக்கொண்டே இருந்ததால், சொன்னால் தின்றுவிடுவாள் என்று என்னிடம் மறைத்தார். உன்னிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், நீயும் காப்பாற்றினாய். பாண்டிச்சேரி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து செத்துக்கொண்டிருந்தபோதுகூட, "ஒண்ணுமில்ல, வாயுதான்" என்றார். நீ சத்தியம் செய்த கதை எனக்குக் கருமாதி முடிந்துதான் தெரிந்தது. அன்றைக்கு உன்னை நான் கேட்ட கேள்விகள் உனக்கு ஞாபகம் இருக்கும். அவரைக் கொன்றது நீதான் என்றேன். அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, இப்போதும் வாங்கப்போவதில்லை. ஆனால் கல்யாணம் ஆகப்போகிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒருவருக்குப் பயந்து ஒரு பொய் சொன்னால், அந்தப் பொய்க்குக் காவலாக உட்கார்ந்தே மிச்ச வாழ்க்கை போய்விடும். உங்கப்பா முப்பது வருஷம் அப்படித்தான் என்னோடு குடித்தனம் நடத்தினார். நான் ஒரு நாளும் அந்த மனுஷனை முழுசாகப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இந்த வீட்டில் எனக்கு யாரும் நிஜத்தைச் சொன்னதில்லை ஸ்டெல்லா. டீ வேண்டுமா என்று கேட்டதாக மாற்றிவிடுவீர்கள், வாயுதான் என்பீர்கள், அருள்தான் மூடவில்லை என்பீர்கள். என் நாக்குக்குப் பயந்து என்று எல்லாருக்கும் ஒரே சாக்கு. நான் கேட்டதும் கேட்டபடி பதில் சொன்னவன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த ஒருவன்தான். நான் அவனை டிவி முன்னால் வைத்து அவமானப்படுத்தினேன், ஊர்முன்னால் நொண்டவைத்தேன், அவன் ஒடிந்த முட்டியைக் குறிபார்த்துப் பிள்ளையை ஏவினேன். ஆனாலும் கேட்டதற்கு, ஆமாம் என்றான். அவன் இன்னும் எனக்குப் பிடித்தமானவன் ஆகிவிடவில்லை. கொடுமைக்காரன்தான், அவன் பிழைப்பே அது. ஆனால் எனக்கு இப்போது அவனைப் பார்த்தால் பயமில்லை. உன்னைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

இன்றைக்குக் காலை பத்து மணி பஸ்ஸில் அருளின் காலைப் பார்க்க அவன் வந்தான். கையில் ஒரு பை சாத்துக்குடி. அருளிடம் ஒன்றும் பேசவில்லை, கணுக்காலைத் தொட்டுத் திருப்பிப் பார்த்து, ஒடியவில்லை என்று தலையசைத்தான், கட்டை அவிழ்த்து அவனே இறுக்கிக் கட்டினான். ஸ்டெல்லா எங்கே என்றான். நான் அவனை உட்காரச் சொன்னேன். ஃபாதரிடம் அவன் சொன்னது ஒன்று, நீ எடுத்துச் சொன்னது வேறு என்று அவனிடம் சொன்னேன். புரியவில்லை. பைபிளை எடுத்து வைத்து, அவன் கையை அதில் வைத்து, கல்யாணம் என்று சொல்லி, இல்லை என்று தலையாட்டிக் காட்டினேன். இது நீ ஃபாதருக்குச் சொன்னது என்று உன் அறைக்கதவைக் காட்டினேன். புரிந்துவிட்டது. அவன் கத்துவான், கதவை உடைப்பான் என்று எதிர்பார்த்தேன். உள்ளபடியே சொன்னால், ஆசைப்பட்டேன். கையைப் பைபிளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அப்புறம், இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஃபாதரிடம் போகிறேன், உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்றான். கோர்ட்டில் முடிந்ததைக் கோயில் ஒத்துக்கொள்ளாது, அப்படிச் சொன்னால் கோயிலில் கல்யாணம் நடக்காது, தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். ஸ்டெல்லா கூட வந்தால் இரண்டு பேருமாகப் போவோம் என்றான். வராவிட்டால், ஃபாதரிடம் சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன் என்றான். கோபத்தில் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. அவன் ஒரு இடத்தில் நின்றால் நகர மாட்டான் என்பதை நேற்றுப் பொட்டலில் நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்.

நான் கோயிலுக்குப் போகப்போவதில்லை. காட்டிக்கொடு தாயே என்று வேண்டியவள் நான்தான், ஆனால் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. நீ அவனோடு போய் ஃபாதர் முன்னால் நின்று பொய் சொன்னேன் என்று சொன்னால், புதன்கிழமைக் கல்யாணம் போயிற்று. ஊர் சிரிக்கும். மிக்கேல் மைக் இல்லாமலேயே ஊர்முழுக்கச் சொல்வான். கோயிலில் உனக்கு நற்கருணை அப்பம் கிடைக்காது, எத்தனை வருஷமோ தெரியாது. அப்புறம் திண்டிவனத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸில்தான் நடக்க வேண்டும். அங்கே சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமென்றால் நான் வருவேன். வாய் சும்மா இருக்காது, திட்டிக்கொண்டேதான் போடுவேன், ஆனாலும் போடுவேன். நீ கதவைத் திறக்காவிட்டால் அதற்கும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உனக்கு வேறு மாப்பிள்ளை பார்ப்பேன், நீயும் கட்டிக்கொள்வாய், அவனுக்கும் எதையாவது மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு நன்றாகவே காலம் தள்ளுவாய். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மணி இப்போது மூன்று. நான் உப்பளத்துக்குக் கிளம்புகிறேன். அருளையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகிறேன், நொண்டிக்கொண்டாவது வரட்டும். இருட்டும் வரைக்கும் திரும்ப மாட்டோம். கூடத்தில் அவன் மட்டும்தான் இருப்பான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் உன்னைக் கேட்பான். அம்மாவுக்குப் பயந்துதான் என்பதுதான் உன் வாயில் முதலில் வரும். அதைச் சொல்லு, பொய்யும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அவனுக்குப் போதாது. அந்த அம்மா வீட்டில் இல்லை ஸ்டெல்லா, தெருமுனை தாண்டிப் போய்விட்டாள். தாழ்ப்பாள் உன் கையில்தான் இருக்கிறது.

அம்மா